விழாத கோடு

அந்த அட்டையில் கோடு விழாவிட்டால்தான் 'உண்டு' என்று அர்த்தம். சிறுநீரில் மருந்து இருந்தால் சாயம் ஏறிய எதிர்ப்பொருளை அது முன்னதாகவே பிடித்துக்கொண்டுவிடும். பட்டையில் காத்திருக்கும் மருந்தோடு ஒட்ட எதுவும் மிஞ்சாது. இல்லாமையை இருப்பாக வாசிக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பழகியபின் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

2016இல் ஓர் இரவு, அவசரப் பிரிவில் ஒரு பெண். வயது 23. ஜுரம் 40 டிகிரி, நாடி 160, உடம்பெல்லாம் வியர்வை, கைநடுக்கம். கட்டிலில் இருக்கமாட்டேன் என்கிறாள். ஆம்ஃபெடமின் வகை விஷத்துக்குப் புத்தகம் சொல்லும் லட்சணங்கள். (ஊமத்தையானால் தோல் உலர்ந்திருக்கும். அதுவரை யோசித்தேன்.) அட்டையில் கோடு விழவில்லை. தகப்பனாரிடம் சொன்னேன். சொன்ன விதம்தான் உறுத்துகிறது: சந்தேகமாக அல்ல, தீர்ப்பாக. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவுக்குப் போனவர் விடியும்வரை உள்ளே வரவேயில்லை.

அமைதிப்படுத்தும் ஊசி போட்டேன், ஐஸ் வைத்தேன். இரண்டும் தவறில்லை. போதவில்லை.

காலையில் வந்த பெரிய டாக்டர் அட்டையைப் பார்க்கவில்லை. கழுத்தில் கை வைத்தார். தைராய்டு வீங்கியிருந்தது. அதன் சுரப்பு கட்டுமீறியதில் வந்த நெருக்கடி. அதற்கான மருந்து ஆறு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ஜலதோஷத்துக்கென்று நாலு நாளாக சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். எதிர்ப்பொருளுக்கு முகம் தெரியாது, சாயல்தான் தெரியும். ரானிடிடினும் லாபெடலாலும்கூட அதை ஏமாற்றியதுண்டு. மெஃபெட்ரோன் போன்றவை அதன் கண்ணில் படாமலே தப்புவதும் உண்டு. நிஜமான ஆம்ஃபெடமினே ஆனாலும், இரண்டு மூன்று நாள் முன்பு சாப்பிட்டதைத்தான் காட்டுகிறதோ என்னவோ. இன்றைய நோய்க்கு இதுதான் காரணம் என்று அட்டை சொல்வதில்லை. சொன்னது நான்.

ஒரு படிமத்தின் சாயலைக் கண்டதும் 'இன்னாரின் பாதிப்பு' என்று முத்திரை குத்தும் விமர்சகர்களை இதே பக்கங்களில் கேலி செய்திருக்கிறேன். அவர்களால் யாருக்கும் ஜுரம் ஏறவில்லை.

காஸ் குரோமட்டோகிராபிக்கு அனுப்பியதன் முடிவு எட்டாம் நாள் வந்தது: ஆம்ஃபெடமின் இல்லை. அதற்குள் அவள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் தாயார் கேட்டார்: "எழுதியிருக்கறத அடிச்சுடுவீங்கல்ல டாக்டர்? கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு."

கேஸ் ஷீட்டில் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒற்றைக் கோடுதான், அடியில் உள்ளது படிக்கும்படி இருக்கவேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி. அப்படியே செய்தேன்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"இன்னும் தெரியுதே" என்றார்.