சாய்மானம் இல்லாத பெஞ்சு

குளியலறையில் போட மரப் பெஞ்சு என்றால் என் கண் தேக்கைத்தான் தேடும். அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஆனால் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். ஓரத்து வெள்ளைக்கட்டை, தேக்கானாலும் சீக்கிரம் உளுத்துவிடும். நிலம்பூரில் 1840-களில் வெள்ளைக்காரர்கள் நட ஆரம்பித்த தேக்குக்கு மரக்கடைகளில் இன்னும் மவுசு குறையவில்லை. விலையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது. சட்டங்களுக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி, துருப்பிடிக்காத திருகாணி, காலுக்கு ரப்பர். இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மாவைக் கேட்டேன். “சாய்மானம் வைக்க வேணாம்னு சொல்லுடி. முதுகு தேய்க்க இடைஞ்சல்” என்றாள்.

அவளுக்கு முதுகு தேய்த்துவிட இப்போது யார் இருக்கிறார்கள்?

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பலாமணை கிடந்தது. கொல்லையில் பட்டுப்போன பலாவை அறுத்து, குளத்தில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, ஆசாரி வீட்டுக்கே வந்து இழைத்துக் கொடுத்தது. மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு விழும் சீவலுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். கால் என்று பெயருக்கு இரண்டு கட்டைகள். நாலு விரல் உயரம். இன்றைய பெஞ்சு ஒருவர் தானாக உட்கார்ந்து தானாக எழுவதற்கான உயரம். அந்த மணை அப்படியில்லை. தேய்க்கிறவள் கைக்கு உட்காருகிறவள் தலை வாகாக இருக்க வேண்டும், அதுதான் அதன் அளவு.

வெள்ளிக்கிழமைகளில் அப்பாயி நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி வருவாள். உச்சியில் அறைந்து தேய்ப்பாள். சீயக்காய்த்தூள் கண்ணில் எரிய எழுந்து ஓடப் பார்த்தால், தோளைப் பிடித்து அமுக்கிவிடுவாள். வெந்நீர் அண்டாவுக்குத் தென்னைமட்டைதான் விறகு. குளித்து முடித்தபிறகும் கூந்தலில் அந்தப் புகை வாசம் இருக்கும். கீசர் தண்ணீரில் அதை எங்கே தேடுவது!

தீபாவளி விடியலில் அதே மணை மாக்கோலத்தோடு கூடத்துக்கு வரும். தாத்தாவில் தொடங்கி வயசு வரிசையில் உட்கார, அப்பாயி எல்லோர் தலையிலும் எண்ணெய் வைப்பாள். கடைசியில் அவளே கிணற்றடியில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அம்மாவைக் கூப்பிடுவாள். மற்ற நாட்களில் இருவருக்கும் உப்புக்கும் புளிக்கும் சண்டை. அன்றைக்கு அம்மா சற்று அழுத்தியே தேய்ப்பாள். அப்பாயி வாயைத் திறக்காமல், மணையின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.