தேரி மணலில் ஒரு யாத்திரை

கோபாலபுரவாசிகளிடையே சில காலமாக ஓர் ஆசை பரவியிருக்கிறது. அது ஆப்பிரிக்கா ஆசை. முன்னாளில் காசிக்குப் போய் வந்த குடும்பத்தார் வீட்டில் கங்கைத் தீர்த்தம் பெற்றுக்கொள்ள அக்கம் பக்கத்தார் கூடுவார்கள். இந்நாளில் நமீபியா தேசத்துக்குப் போய் வந்தவர் வீட்டில் காண்டாமிருகத்தின் படத்தைக் காணக் கூடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அடங்கிய சிறு கோஷ்டி, ஒரு மோட்டார் வண்டி, எல்லாம் அறிந்த ஒரு வழிகாட்டி, இரண்டு வாரப் பிரயாணம். பாலைவனமும் பார்த்தாயிற்று, வனவிலங்குகளும் பார்த்தாயிற்று!

இந்த ஆசையைப் பரிகசிக்க நமக்கு எண்ணமில்லை. பார்க்கத் தகுந்த தேசந்தான் அது. நமீப் என்னும் பாலைவனம் உலகத்தின் மிகப் பழமையான பாலைவனங்களுள் ஒன்று. அங்கே ஸோஸஸ்வ்லே என்னுமிடத்தில் செம்மணல் குன்றுகள் சில 300 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கின்றன. மழை என்பது பேருக்குத்தான். அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் மூடுபனியை நம்பியே பல ஜீவன்கள் பிழைக்கின்றன. ஒரு சிறு வண்டு பனி வரும் வேளையில் மணல் மேட்டில் ஏறி, தலையைத் தாழ்த்தி முதுகை உயர்த்தி நிற்குமாம். முதுகில் படியும் பனித்துளி வழிந்து அதன் வாய்க்குள் விழும். வடக்கே போனால் எட்டோஷா. ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வெண்மையான உப்புப் படுகை அது. அதன் ஓரத்திலுள்ள நீர்நிலைகளுக்கு யானையும் சிங்கமும் வரிக்குதிரையும் தண்ணீர் குடிக்க வரும்.

எல்லாம் வாஸ்தவம். ஆயினும் செந்நிற மணற் குன்றையும், குடை விரித்தாற் போன்ற முள் மரத்தையும், வெட்டவெளியில் துள்ளி ஓடும் மான் கூட்டத்தையும் காண்பதற்குச் சமுத்திரம் தாண்ட வேண்டுமென்பதில்லை. எழும்பூரில் ரயில் ஏறினால் போதும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பாலைவனம் இருக்கிறது. அதற்குத் தேரி என்று பெயர்.

மளிகைக் கடை தந்த வழிகாட்டி

எங்கள் கோஷ்டியில் ஒன்பது பேர். ஆப்பிரிக்கப் பிரயாணத்துக்குக் கேட்ட கட்டணத்தைக் கேட்டு மூச்சு வாங்கியவர்கள் அதில் பெரும்பாலோர். வழிகாட்டியை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தது. விடை எங்கள் தெருவிலேயே இருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் பலர் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது எல்லாரும் அறிந்ததே. நாங்கள் பருப்பும் புளியும் வாங்கும் கடைக்காரர், தேரியின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். "எங்க பெரியப்பா ஊரிலேதான் இருக்காங்க. தேரியிலே அவுகளுக்குத் தெரியாத பனை கிடையாது" என்று சொல்லி, அப்பொழுதே தொலைபேசியில் பேசி முடித்துவிட்டார்.

ஆனி மாதக் கடைசியில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் புறப்பட்டு மறுநாள் காலை தூத்துக்குடியில் இறங்கினோம். 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஊர் அல்லவா? நம் கடலில் ஓடும் கப்பலின் ஆதாயம் நம் ஜனங்களுக்கே சேர வேண்டும் என்று ஒருவர் நினைத்து, அதற்காகச் சிறைக்கும் போன இடம். அந்த நினைவோடுதான் எங்கள் யாத்திரை ஆரம்பமாயிற்று.

வல்லநாட்டு வெளிமான்கள்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் வல்லநாடு இருக்கிறது. அங்கே குன்றும் முட்புதருமாக 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நிலத்தை, 1987-ஆம் ஆண்டில் வெளிமான் சரணாலயமாக்கினார்கள். நம் தேசத்தில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்கே கடைசியானது இதுதான்.

வனக்காவலர் ஒருவர் முன்னே நடந்தார். பேசக்கூடாது என்று கையால் சைகை காட்டினார். அரை மணி நேரம் புதரும் கல்லுமே தெரிந்தன. பிறகு, மேட்டுக்கு அப்பால் ஒரு கலைமான் நின்றது. மேல் முழுதும் கருமை, அடிவயிறு வெள்ளை, திருகித் திருகி மேலெழுந்த கொம்பு இரண்டு. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்துப் பெண் மான்கள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வாசனை பட்டதோ என்னவோ, ஒன்று வானத்தில் எழும்பிக் குதித்தது. மறுகணம் கூட்டமே பறந்துவிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய பிராணி அது.

இவ்வளவு வேகம் எதற்கு? இன்று வல்லநாட்டில் அதைத் துரத்தக்கூடிய சிங்கமுமில்லை, புலியுமில்லை. இயற்கை நூலார் ஒரு சுவையான காரணம் கூறுகிறார்கள். வெளிமானுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தது சிவிங்கிப்புலியாம். பஞ்சாப் முதல் திருநெல்வேலிச் சீமை வரையில் ஒரு காலத்தில் சிவிங்கிப்புலி உலவியது. 1947-இல் கோரியா சமஸ்தானத்து அரசர் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார். 1952-இல் அந்த இனமே நம் நாட்டில் அற்றுப் போயிற்று என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி, எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோ வனத்தில் விட்டார்கள். எங்கிருந்து என்கிறீர்கள்? நமீபியாவிலிருந்துதான்! நாம் காக்கத் தவறியதை ஆப்பிரிக்காவிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. துரத்துவோன் போய்விட்டான், ஓடுகிறவன் மட்டும் வல்லநாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

செம்மணலில் அடி வைத்தோம்

பிற்பகலில் தாமிரபரணியின் பசுமையைக் கடந்து திருச்செந்தூர்ப் பக்கம் போனோம். வாழைத் தோட்டங்கள் முடிந்தன. பனைகள் வந்தன. காயாமொழியைத் தாண்டியதும் பூமியின் நிறம் மாறியது. முதலில் மஞ்சள், பிறகு காவி, பிறகு செங்கல்லைப் பொடித்துக் கொட்டினாற் போன்ற சிவப்பு. குதிரைமொழித் தேரி அதுதான். பல ஆயிரம் ஏக்கருக்கு அலை அலையாகச் செம்மணல்.

ஊர் எல்லையில் பெரியவர் காத்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. மார்பிலும் முழங்காலிலும் பனை உரசி உரசிக் காய்த்துப் போன தழும்பு. நாற்பது வருஷம் பனை ஏறியவர். கடைக்காரரைப் போலவே இவரையும் நாங்கள் அண்ணாச்சி என்றே அழைத்தோம்.

"செருப்பைக் கழற்றிருங்க ஐயா. தேரியைக் கண்ணாலே பார்த்தாப் போதாது, கால்தான் படிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

கழற்றினோம். மேலே இளஞ்சூடு, விரலளவு உள்ளே ஈரக் குளிர்ச்சி. மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மலைக் கணவாய்களின் வழியே புகுந்து வரும் காற்று வைகாசி முதல் ஆவணி வரையில் ஓயாதாம். மணலின் மேல் அது வரி வரியாய்க் கோலம் போடுவதும், அழிப்பதும், மறுபடி போடுவதுமாயிருந்தது. முயலின் அடிச்சுவடு, கீரியின் அடிச்சுவடு, மயில் தோகையை இழுத்துச் சென்ற தடம் ஆகியவற்றை அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஆங்காங்கே உடை மரங்கள் நின்றன. மேலே தட்டையாய்க் குடை பிடித்தாற் போன்ற முள் மரம். ஆப்பிரிக்காவைப் பற்றிய படங்களில் ஒட்டகச் சிவிங்கி நின்று தழை தின்னுமே, அந்த மரத்துக்கு இது ஒன்று விட்ட சகோதரம் என்று சொல்லலாம். எங்களுடன் வந்த அம்மாள் ஒருவர், "அப்பா, ஆப்பிரிக்கா வந்துவிட்டது!" என்று சொல்லி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

மணல் சிவப்பாயிருப்பதற்குக் காரணம் இரும்பு. ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. நமீப் மணலின் சிவப்புக்கும் காரணம் இதுவே. இந்த மணலில் ஆதி மனிதர் செய்த சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்து ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆகவே, ஜனங்கள் இங்கே நேற்று வந்தவர்கள் அல்லர்.

சாஸ்திரப்படி பார்த்தால் இது பாலைவனம் ஆகாது. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்தால்தான் பாலைவனம் என்பார்கள். இங்கே அதைப் போல் இரு மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் பெய்த மழை ஒரு துளிகூட மேலே ஓடுவதில்லை. முழுவதையும் மணல் குடித்துவிடுகிறது.

குடித்த தண்ணீர் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே அண்ணாச்சி எங்களை அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மணற் காட்டின் நடுவே திடீரென்று மரக் கூட்டம், பறவைகளின் சப்தம், நடுவில் ஒரு சுனை. தெளிந்த நீர்! தேரி குடித்த மழை நீர் அடியில் இறங்கி, தாழ்ந்த இடங்களில் இப்படி ஊற்றாக வெளிவருகிறது. சுற்றிலுமுள்ள கிராமங்களின் கிணறுகளுக்கும் அதுவே ஆதாரம்.

"தேரி மணல் இல்லே ஐயா, தண்ணித் தொட்டி. தொட்டியை உடைச்சா ஊரிலே கடல் தண்ணிதான் வரும்" என்றார் அண்ணாச்சி.

உடைக்க நினைத்தவர்கள் உண்டா? உண்டு. இந்த மணலில் டைட்டானியம் என்னும் உலோகத்துக்கு மூலமான இல்மனைட் கலந்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் சாத்தான்குளம் பகுதியில் அதை எடுத்துத் தொழிற்சாலை நடத்துவதற்கு மாநில அரசாங்கமும் டாட்டா ஸ்டீல் கம்பெனியும் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலம் போய்விடும், நீர் போய்விடும் என்று கிராமத்தார் எதிர்த்தார்கள். திட்டம் நடைபெறவில்லை. ஆனால் கட்டட வேலைக்காகச் செம்மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளுவது வேறு விஷயம். அதற்கு உடன்படிக்கையும் வேண்டாம், ஊர்க் கூட்டமும் வேண்டாம். இரவும் லாரியும் இருந்தால் போதும்.

எங்களில் ஒருவர் நினைவுக்காகக் கைக்குட்டையில் கொஞ்சம் மணலை முடிந்துகொண்டார். குற்றமாகுமோ என்று அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி சிரித்தார். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே கார்த்திகை முடிவில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவில் ஜனங்கள் தேரி மண்ணைப் பிரசாதமாக எடுத்துப் போவார்கள். வீட்டிலும் வயலிலும் வைப்பார்கள்.

"ஒரு பிடி எடுத்தா பிரசாதம் ஐயா. ஒரு லாரி எடுத்தா களவு. அய்யனாருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்" என்றார்.

யாருடைய பாலைவனம்?

மாலையில் பனையோலைப் பட்டையில் பதனீர் கொடுத்தார்கள். அந்தப் பனையில் ஏறியவரும் ஐம்பதைக் கடந்தவரே. இளைஞர் யாரும் ஏறுவதில்லையா என்று விசாரித்தோம். அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எம் பையன் மூணு பேரும் மெட்ராஸிலே கடையிலே நிக்கான். பனையிலே ஏறி விழுந்தா கேட்க நாதியில்லே. கடையிலே விழ மாட்டான்லா?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தேரியை அறிந்தவர்கள் தேரியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சுவடு படிக்கும் கலையும், சுனை இருக்குமிடமும், மணல் களவு போகிறதென்று கண்டு கூக்குரலிடும் கண்களும் போய்விடும். காவலில்லாத சொத்து எத்தனை நாள் நிற்கும்?

இவ்விடத்தில்தான் நமீபியா நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அத்தேசம் விடுதலை பெற்றது 1990-இல். 1996-இல் ஒரு சட்டம் செய்தார்கள். பொது நிலத்தில் வசிக்கும் கிராம ஜனங்கள் சங்கமாகச் சேர்ந்தால், அவர்கள் பகுதியிலுள்ள வனவிலங்கைக் காக்கும் பொறுப்பும் அதனால் வரும் வருமானமும் அவர்களுக்கே என்றது அந்தச் சட்டம். இன்று அத்தகைய சங்கங்கள் எண்பதுக்கு மேல் உள்ளன. விடுதிகள் கொடுக்கும் பங்கும், வழிகாட்டி வேலையும், காவல் வேலையும் அவர்களைச் சேர்கின்றன. வேட்டைக் கட்டணமும் அந்த வருமானத்தில் ஒரு பகுதி. அது தகுமா என்ற வாதம் இருக்கவே இருக்கிறது. ஆயினும் அடிப்படைத் தத்துவத்தில் பழுதில்லை. பாலைவனத்தைக் காண வருகிறவனின் காசு, பாலைவனத்தில் வாழ்கிறவனின் அடுப்பை எரிக்க வேண்டும். வ. உ. சி. கடலுக்குச் சொன்னதை இவர்கள் மணலுக்குச் சொல்கிறார்கள். சுதேசியம் என்பது இதுதான்.

நம் தேரியிலும் இதைச் செய்ய முடியாதா? தேரிக்கு அருகேயுள்ள குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவும் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆகாயத்துக்கு வழி காட்டும் தேசம், ஒரு மணற் காட்டைக் காப்பதற்கு வழி தெரியாமல் விழிக்க வேண்டியதில்லை. கிராமத்து இளைஞர் பத்துப் பேருக்கு வழிகாட்டியாகப் பயிற்சி, அவர்கள் கையில் அடையாளச் சீட்டு, வருகிறவர் தொகைக்கு ஒரு வரம்பு, வண்டிகள் மணலில் ஏறாதபடி ஒரு தடை, பெரிய செலவில்லை. சர்க்கார் மனம் வைக்கும் வரையில் நாமே ஆரம்பிக்கலாம். எங்கள் கோஷ்டி அண்ணாச்சிக்கும் பனையேறிக்கும் சமைத்துப் போட்ட வீட்டாருக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுத்தது. உடன்குடிக் கருப்பட்டி ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டது. ஆப்பிரிக்கக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆப்பிரிக்கா போக வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போய் வரட்டும். அதற்கு முன்னால் ஒரு முறை தேரிக்குப் போய் வருவது நல்லது. எந்த ஊர் என்று தெரியாவிட்டால், உங்கள் தெரு மளிகைக் கடையில் விசாரியுங்கள். சாமானைக் கட்டிக் கொடுக்கும் அந்தக் கைகள் எந்த மணலில் விளையாடியவை என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்த்தபின் பிரயாணச் சீட்டு வாங்கலாம். போகும்போது செருப்பைக் கழற்ற மறவாதீர்கள். வரும்போது ஒரு பிடிக்கு மேல் மண் எடுக்காதீர்கள்.