குளக்கட்டு யாருக்கும் இலாபம் தராது

உவர்மலை (ஓர்ஸ் ஹில்),
திருகோணமலை.
20.01.2026

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். டித்வா புயலில், மலையில் இருக்கிற எங்களுக்கு வெள்ளம் வரவில்லை. காற்றில் போன ஓடுகளைப் பெரியப்பா மாற்றிவிட்டார். அழிவெல்லாம் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம்தான்.

"நாணய நிதியம் இருநூறு மில்லியன் டொலர் கொடுத்துவிட்டதே, இன்னும் ஏன் உங்கள் சங்கம் காசு சேர்க்கிறது?" என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம், உனக்குப் பதில் வரவில்லையாம். கச்சேரியில் கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இதை விளங்கப்படுத்தாமல் எனக்கு நித்திரை வராது.

டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம் அனுமதித்தது 206 மில்லியன் டொலர். அது கடன், பிள்ளை. வீடு, வீதி, பாலம், வயல் என்று டித்வா புயல் நேரடியாக அழித்தவற்றுக்கே உலக வங்கி போட்ட மதிப்பு 4.1 பில்லியன். இருபதில் ஒரு பங்கு வந்திருக்கிறது, அதையும் திருப்பிக் கட்டவேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்த நாடு இது. ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள், இலங்கையின் கடன் தவணைகளை நிறுத்திவையுங்கள் என்று கேட்டது முழு நியாயம். உலகம் விடுகிற புகையில் எங்கள் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட வராது.

மூதூர், வெருகல் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். மலைநாட்டில் கொட்டிய மழையெல்லாம் மகாவலியோடு இறங்கி எங்கள் மாவட்டத்துக்குத்தான் வந்தது. நவம்பர் கடைசியில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. விமானப்படையும் கடற்படையும் போய்த்தான் ஆட்களை மீட்டார்கள். பெரும்போகம் விதைத்து முளைவிட்டிருந்த நேரம். ஒரு கமக்காரன் எப்படி விதைக்கிறான் என்று உனக்குத் தெரியும்: மனைவியின் சங்கிலியை அடகுவைத்து, பசளைக் கடையில் கடன் சொல்லி. வயல் போனபின் அவனுக்குக் கிடைப்பதும் அடகுக்கடைதான். நாட்டின் நிலைமையும் அதேதான்.

கட்டின் அருமையை வெளியார் வந்து எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்ததை நேரில் பார்த்த தலைமுறை நாங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். சம்பூரில் அனல்மின் நிலையம் கட்டப்போவதாக இருந்ததே, 2016இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. போன வருடம் ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு வேலை தொடக்கிவைத்தார்கள். நிலக்கரிப் புகை வராமல் போனதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் சூரியமின் நிலையத்துக்கு முதலீடு எப்படி வந்தது என்று யோசி. மின்சாரத்தை விற்கலாம், போட்ட காசை எடுக்கலாம். மாவிலாற்றுக் கட்டை உயர்த்தினால் எதை விற்பது? ஆட்கள் சாகமாட்டார்கள், நெல் அழுகாது. அந்த இலாபம் எந்த முதலீட்டாளன் கணக்கிலும் ஏறாது. அதனால் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குகிற வேலைகளுக்கு நன்கொடைதான் வரவேண்டும். கடனாக வந்தால் வெள்ளத்தில் விழுந்தவன் வட்டியிலும் விழுவான்.

அப்படி வந்ததும் உண்டு. 2016இல் பசுமைக் காலநிலை நிதியம் இலங்கைக்கு 38 மில்லியன் டொலர் நன்கொடை அனுமதித்தது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக, அரசாங்கமும் தன் பங்கைப் போட்டு, யான் ஓயா, அருவி ஆறு, மீ ஓயா ஆற்றுப்படுகைகளில் கிராமக் குளங்களைத் திருத்துகிற வேலை. ஏழு மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்துக்குப் போகும்படி மன்னர் காலத்தில் கட்டிய அந்தத் தொடரை மறுபடி உயிர்ப்பிப்பதைவிடப் பொருத்தமான வேலை எங்கள் பக்கத்துக்கு வேறு இல்லை. துருசைத் திருத்து, கட்டை உயர்த்து, வண்டலை அள்ளு. எல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த தொழில்.

ஆனால் இது அபூர்வம். 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், ஏழை நாடுகளுக்கு வருடத்துக்கு 100 பில்லியன் டொலர் தருவோம் என்றன. 2020க்குள் தந்திருக்கவேண்டியது, 2022இல்தான் எட்டியது. அதிலும் அரசுகள் வழியாக வந்ததில் பத்தில் ஏழு பங்கு கடன். இழப்பு, சேதங்களுக்கென்று 2022இல் ஷாம் எல் ஷேக் மாநாட்டில் ஒத்துக்கொண்ட நிதியத்துக்கு உலகம் முழுவதற்குமாக வாக்களித்த தொகை ஒரு பில்லியனைக்கூடத் தொடவில்லை. எங்கள் ஒரு புயலின் அழிவே 4.1 பில்லியன் என்று மேலே எழுதினேன்.

நீ இப்போது பிரித்தானியப் பிரசை, வாக்குப் போடுகிறவள். உங்கள் அரசாங்கம் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 வீதத்திலிருந்து 2027இல் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாகப் போன வருடம் அறிவித்தது. உன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுது. இரக்கம் கேட்டு எழுதவேண்டாம்; நன்கொடையாகத் தாருங்கள், தவணையை நிறுத்துங்கள் என்று உரிமையோடு எழுது. உன்னோடு வேலை செய்கிறவர்களையும் கையெழுத்து வைக்கச் சொல்.

சங்கத்துக் காசைக் கட்டுக்கோ வீதிக்கோ அனுப்பவேண்டாம். அது அரசாங்கம் செய்யவேண்டியது, நீங்கள் சேர்ப்பது அதற்குக் காணவும் காணாது. சிறுபோகத்துக்கு விதைநெல் வாங்கிக் கொடுங்கள். வெருகல் பக்கம் கமக்காரர் அமைப்பு ஒன்றோடு பேசியிருக்கிறேன். பங்குனிக்கு முதல் காசு வந்தால்தான் பயன். அனுப்புமுன் சொல், அவர்களுடைய வங்கிப் புத்தகத்தையும் அங்கத்தவர் பட்டியலையும் நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா