ஏரிக்கு மேல் எழுந்த கடைத்தெரு

பழைய கோயில் பார்க்க வேண்டும், ஒரு மலை ஏற வேண்டும், பெரிய கடைத்தெருவைச் சுற்ற வேண்டும், எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. பள்ளி விடுமுறை வந்தால் கிராமத்து வீடுகளில் எழும் பேச்சு இது. இதற்காகக் கடல் கடந்து போகிறவர்களும் உண்டு. ஆனால், பழைய தொண்டை நாட்டின் கடலோரத்தில், இன்றைய தென்சென்னையில், இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் விக்கிரவாண்டி பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் அப்படி ஒரு நாள் புறப்பட்டு வந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர், அவருடைய மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பெரியவரின் கடைசி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தி.நகரில் பாத்திரமும் துணியும் எடுப்பதுதான் முக்கிய வேலை. அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பது பேத்தியின் ஏற்பாடு.

குடும்பத்துக்குள் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஏரிக்கு மேற்கே, வரத்துக்கால்வாயை ஒட்டி, மல்லாட்டை போடும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கல்யாணச் செலவுக்கு அதை மனை போடுகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று மகன் சொல்லி வந்தார். அக்கம்பக்கத்து நிலங்கள் ஏற்கெனவே கைமாறிவிட்டன. கால்வாயைத் தூர்த்து அதன் மேல் சாலை போடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பெரியவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மலை சிறிது, அளவை பெரிது

விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. சுமார் 300 அடி உயரமுள்ள குன்றுதான். செஞ்சிக் கோட்டை ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. ஏறுவதற்கான கல்படிகளை ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தார். மேலே நின்றால் ஒரு பக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை கட்டடங்கள்.

நிலம் வைத்திருப்பவர்கள் இந்த மலையில் பார்க்க வேண்டிய ஒன்று, வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளருக்கு வைத்திருக்கும் சிலை. 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடியிலிருந்துதான் அவர் எஃகுச் சங்கிலி பிடித்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டை அடியாக வைத்து ஒரு முக்கோணம், அதன் பக்கத்தை வைத்து இன்னொரு முக்கோணம் என்று கட்டிக்கொண்டே போன கணக்கு இமயமலை வரை எட்டியது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் பிறகு அந்த வழியில்தான் தெரியவந்தது.

"நம்ம நிலத்து வரைபடத்துலயும் முக்கோணமாத்தானே கோடு போட்டிருக்கும்?" என்றார் பெரியவர். சரிதான். தாலுகா அலுவலகத்தில் தரும் புல வரைபடத்தில் வயலைக் குறுக்கே கிழிக்கும் கோடுகளும் அதே அடிப்படைக் கணக்கில் வந்தவைதான். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பு தவறாது. கல்லைப் பிடுங்கிப் போட்டாலும், வரைபடத்தை வைத்து அதே இடத்தில் மறுபடி நடலாம்.

சைதாப்பேட்டையும் அடையாற்றுப் பாலமும்

அங்கிருந்து மயிலாப்பூர் போகும் வழியில் சைதாப்பேட்டை வருகிறது. விவசாயிகள் பலருக்குத் தெரியாத செய்தி, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விதை விழுந்த மண் இது என்பது. 1868-ல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கியது 1906-ல் கோவைக்குப் போனது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. கலப்பையும் எருவும் இங்கே பாடமாக இருந்தன என்று இன்றைய சைதாப்பேட்டையைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்திலேயே அடையாற்றின் மேல் மறைமலை அடிகள் பாலம். மலைக்குப் படி கட்டிய அதே உஸ்கான் 1726-ல் இங்கே முதலில் பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் திரிந்து, அது மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்டது. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்த மகன், "இதுவா அடையாறு? நம்ம ஓடை மாதிரி இருக்கே" என்றார். சாதாரண நாளில் அப்படித்தான் தோன்றும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தபோது, வழியில் இருந்த மற்ற ஏரிகளின் உபரிநீரும் இதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின.

மயிலாப்பூரில் குளம் இருக்கிறது

மயிலாப்பூர் மிகப் பழைய துறைமுக ஊர். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புவியியலாளர் தாலமி இதைக் குறித்து வைத்தார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே நடந்த மாதந்தோறும் வரும் விழாக்களைப் பாடினார். அவற்றில் பங்குனி உத்திரம் இன்றும் நடக்கிறது. அறுபத்துமூவர் வீதியுலா நாளில் மாடவீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. உள்ளே தலமரமான புன்னையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். உழவுக்கென்று தனி அதிகாரம் எழுதிய திருவள்ளுவருக்கும் இந்த ஊரில் கோயில் உண்டு.

தெற்கு மாடவீதியில் காய்கறிக் கடைகள். வாழைப்பூ, மாங்காய் இஞ்சி, பல வகைக் கீரை என்று கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். மருமகள் ஒரு கட்டு முளைக்கீரைக்கு விலை கேட்டுவிட்டு, "மாமா, நம்ம ஊர்ல கொடுக்கிற விலைக்கு மூணு பங்கு சொல்றாங்க" என்றார். ஊருக்கும் மாடவீதிக்கும் நடுவில் அந்த இரண்டு பங்கு எங்கே போகிறது என்று பேசிக்கொண்டே குளத்துப் படியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

கோயில் குளத்தில் தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம் விடுவார்கள். சுற்றிலும் கடையும் வீடும் நெருக்கியபோதும் இந்தக் குளத்தை யாரும் தூர்க்கவில்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுத்தெருக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறும். ஏரிக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடிமரம் போனாலும் ஆலமரம்

பிற்பகலில் அடையாறு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் இங்கே ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. உள்ளே சுமார் 450 வயதுள்ள ஆலமரம். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் பார்க்க விடுகிறார்கள் என்பதால் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போக வேண்டும். 1989-ல் அடித்த புயல்காற்றில் இதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் முன்பே தரையில் இறங்கி மரமாகியிருந்ததால், மரம் பிழைத்துக்கொண்டது. ஆலமரத்தில் தரையைத் தொடும் விழுதை வெட்டாமல் விட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அந்தரத்தில் தொங்கும் விழுதை மூங்கில் குழாய்க்குள் விட்டு, மண் நிரப்பி, ஈரம் காட்டி வந்தால் சீக்கிரம் தரை பிடிக்கும்.

லேக் வியூ ரோடு, லேக் எங்கே?

மாலையில் தி.நகர். பனகல் பூங்கா, பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு. பாத்திரமும் துணியும் எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பிறகு மாம்பலம் ரயில் பாதையைக் கடந்து, மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் மருமகளின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். போகும் வழியில் தெருப் பெயர்ப் பலகையைப் படித்த பேத்திக்குச் சந்தேகம். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: "மாமா, லேக் வியூ ரோடுன்னு போட்டிருக்கு. லேக் எங்க?"

"நீங்க இவ்வளவு நேரம் துணி எடுத்தீங்களே, அதுதான் லேக்" என்றார் அவர்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, பிறை நிலா போல் வளைந்து கிடந்தது ஒரு பெரிய ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். படகுப் போட்டி நடத்தும் அளவுக்கு அதில் தண்ணீர் நின்றது. 1920-களில், நகரத்துக்குக் குடியிருக்க இடம் போதவில்லை என்று, நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் அந்த ஏரியை வடியவிட்டு மனை பிரித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் பிறந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு வந்தது. வடகோடியில் மிஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னாளில் தூர்ந்து, அந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்று மிச்சம் இருப்பவை பெயர்கள்தான். இந்தப் பக்கம் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு.

ஏரியைத் தூர்த்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால், பள்ளத்தை நோக்கி வரும் தண்ணீருக்குப் பத்திரப்பதிவு தெரியாது. 2015-லும் 2021 நவம்பரிலும் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மருமகளின் அண்ணன் 2015-ல் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய சுவரைத் தொட்டுக் காட்டினார். அதே வீட்டில்தான், நாலே வருடம் கழித்து, 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதையும் சொன்னார். அந்த வருடம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

பெரியவர் பேத்தியைக் காகிதம் எடுக்கச் சொன்னார். "ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ரெண்டு அடி தண்ணி நிறுத்தினா எவ்வளவு?"

"87,120 கன அடி தாத்தா."

"கன அடிக்கு எத்தனை லிட்டர்?"

"28.3. அப்போ... 24 லட்சத்து 65 ஆயிரம் வருது."

ஒரு ரயில் முழுக்க வந்த தண்ணீர், ஒரு ஏக்கரில் இரண்டடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். கரைக்கு உள்ளே நடவு வயல் அளவு இடம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மாம்பலம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது மகன்தான் பேச்சை எடுத்தார். "அப்பா, அந்தக் கால்வாய் எந்த சர்வே எண்ல இருக்கு?"

"நம்மதுக்கு அடுத்தது. வரைபடத்துல பார்த்தாத் தெரியும்."

"முன்பணம் வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுவோம்."

கல்யாணச் செலவுக்கு வழி இன்னும் தெரியவில்லை. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். தாம்பரம் வண்டி வந்தது. பாத்திர மூட்டையை மகன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

உங்கள் ஊர் ஏரிக்கு

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் உதவி கிடைக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கும் இடத்தை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது. மனைப்பிரிவின் சாலை அதன் மேல் போவதாகக் காட்டினாலும் அது செல்லாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கால்வாய் தூர்ந்திருந்தால் சர்வே எண்ணுடன் தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபையில் தீர்மானமாகவும் வையுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்த மறக்க வேண்டாம்.