குசினிச் சுவரில் ஓர் அலுமாரி

சமையலறைச் சுவரில் ஓர் அலுமாரியை எவ்வளவு உயரத்திற் பொருத்துவது என்பது ஒரு பிரச்சினையா, அதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். எம் துணைவியாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்திராவிட்டால் நாமும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

வலிகாமம் வடக்கிலுள்ள எமது காணி 1990இல் கைவிட்டுப் போயிற்று. இணுவிலில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணை, 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு தொடங்கிய பெரும் இடப்பெயர்விற் தென்மராட்சியில் ஒரு கொட்டில், பின்னர் சுன்னாகத்தில் வாடகை வீடுகள் என்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2018இல் காணி விடுவிக்கப்பட்டபோது அங்கு எஞ்சியிருந்தவை ஒரு கிணறும், பழைய குசினியின் ஒரு மூலைச் சுவரும், அச்சுவரிற் படிந்திருந்த புகைக் கரியுமே. அம்மா அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

வங்கிக் கடனும் ரொறன்ரோவிலுள்ள தம்பியின் உதவியும் சேர்ந்து வீடு எழுந்தது. தம்பி பணத்தோடு ஒரு படத்தையும் அனுப்பியிருந்தான். அந்நாட்டு முறைப்படி அடுப்பு மேடை தரையிலிருந்து 36 அங்குலம். மேடைக்கும் மேல் அலுமாரிக்கும் இடைவெளி 18 அங்குலம். ஆகவே அலுமாரியின் அடிப்பலகை 54 அங்குலத்தில். அலுமாரிக்குள் மூன்று தட்டுகள். "உலகம் முழுக்க இதுதான் அளவு அண்ணை" என்று தொலைபேசியிற் சொன்னான். அச்சிட்ட எண்களைக் கண்டால் ஆசிரியர்களாகிய எமக்கு ஒரு பக்தி உண்டல்லவா? அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

மேசன் வேலைக்கு வந்தவர் அறுபதைக் கடந்த ஒரு தொழிலாளி. துளையிடுமுன் ஒரு கணம் தயங்கி, "மாஸ்டர், வீட்டிலை பொம்பிளையளின்ரை கைக்கு எட்டுமோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு அடிப்பமே?" என்று கேட்டார். நாம் படத்தைக் காட்டி, "இதிலை உள்ளபடியே அடியுங்கோ" என்றோம். அவர் அதற்குமேற் பேசவில்லை. தம் அனுபவத்தைப் படித்தவன் தட்டிக்கழித்த எத்தனையோ வேளைகளில் ஒன்றாக அதையும் அவர் எண்ணியிருக்கக்கூடும்.

வேலை முடிந்த அன்று அம்மா அண்ணாந்து பார்த்தார். "உது ஆருக்கு மோனை கட்டினது? கொக்குக்கோ?" என்றார். நாம் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டோம்.

நான்கு மாதங்களின் பின்னர் ஒரு நாள் காலை, இரண்டாந் தட்டிலிருந்த உழுத்தம்மாப் போத்தலை எடுப்பதற்காகத் துணைவியார் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் ஏறினார். ஈரத் தரையிற் கதிரை வழுக்கியது. கைக்கு மாக்கட்டுப் போட்டு ஆறு வாரங்கள் அடுப்படிக்குப் போகக்கூடாது என்றார் மருத்துவர். அம்மாவுக்கு வயது 81. ஆகவே, பெண் விடுதலையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் முழங்கிய நாம் வாழ்க்கையில் முதன்முறையாக ஆறு வாரங்கள் தொடர்ந்து சமைத்தோம்.

அப்போதுதான் ஓர் உண்மை எமக்குப் புலப்பட்டது. எம் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அந்தக் குசினியில் எமக்கு ஒரு குறையும் தெரியவில்லை! மூன்றாந் தட்டிலிருந்த பொருளையும் நின்றபடியே எடுத்தோம். வீட்டில் ஒருபோதும் சமைக்காத ஒருவனின் உடம்புக்கு அளவெடுத்தாற்போல அது அமைந்திருந்தது. நாள்தோறும் அதில் நின்று உழைப்பவரின் உயரம் நான்கடி பதினொரு அங்குலம். அவருடைய தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 48 அங்குலத்தில் இருக்கிறது. அதாவது, அலுமாரியின் மிகத் தாழ்ந்த தட்டே அவருடைய தோளுக்கு அரையடி மேலே! அதற்கு முன்னால் இரண்டடி அகலமான கொங்கிறீட் மேடை வேறு. அதன்மேற் சாய்ந்து கையை நீட்டுபவருக்கு எட்டும் உயரம், நிமிர்ந்து நின்று நீட்டுபவருக்கு எட்டுவதிலும் பார்க்கக் குறைவு. இரண்டாந் தட்டின் விளிம்பை விரல் நுனி தொடும். போத்தலைப் பிடிக்க முடியாது. மூன்றாந் தட்டு அவரைப் பொறுத்தவரை இல்லாத தட்டு.

மேடையின் கதையும் அதுவே. காய் நறுக்குவதற்கு மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தாற் போதும். இடியப்ப உரலை அழுத்துவதோ உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கிச் செய்யும் வேலை. அதற்கு மேடை இன்னும் பல அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். 36 அங்குல மேடையில் இடியப்பம் பிழியும் ஐந்தடிப் பெண் தோளைத் தூக்கிக்கொண்டு பிழிகிறார். மாலையில் தோள் வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் நாம் தைலப் போத்தலைக் காட்டியிருக்கிறோம். அதுவும் மூன்றாந் தட்டில்தான் இருந்தது.

இத்துறையிற் பெரும்பணி செய்தவர் ஒருவரை இங்கு நினைக்கிறோம். ஒஸ்திரியாவைச் சேர்ந்த மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 3.4 மீற்றர் நீளமும் 1.9 மீற்றர் அகலமும் கொண்ட அந்தச் சிற்றறையிற் சாளரத்தின் கீழ் வேலைப் பலகை, இருந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலி, பருப்பு வகைகளுக்குப் பெயரிட்ட சிறு அலுமினியப் பெட்டிகள், சுவரிற் கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி என எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. உழைக்கும் பெண்ணின் நேரத்தை மீட்டுக்கொடுப்பதே நோக்கம். அவர் பின்னர் கம்யூனிஸ்டாகி, நாஜிகளை எதிர்த்த இரகசிய இயக்கத்திற் பணிசெய்து, 1941இற் கைதாகி 1945 வரை சிறையிலிருந்தார். 2000ஆம் ஆண்டில் 102 வயதில் மறைந்தார். இத்தகையவரின் படைப்பே பின்னர் உலகெங்கும் விற்பனையாகும் சுவர் அலுமாரிகளுக்கு முன்னோடியாயிற்று. விற்பவர்கள் அலுமாரியை எடுத்துக்கொண்டார்கள்; முக்காலியை விட்டுவிட்டார்கள். ஓர் அளவை ஆயிரமாயிரமாகச் செய்தால் மலிவு. ஒவ்வொரு பெண்ணின் முழங்கையையும் அளந்து செய்தால் இலாபம் குறைவு. 36, 18, 54 என்ற எண்களின் இரகசியம் இவ்வளவே.

அதற்காகப் பழைய குசினியைப் புகழ்ந்து பாட நாம் தயாராக இல்லை. அம்மாவின் பழைய குசினியில் உறி இருந்தது. கயிற்றை ஏற்றி இறக்கித் தம் கைக்கேற்ற உயரத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு மேலே பரண். அதில் விறகு காயும், விதைத் தானியம் புகையிற் பழுதுபடாமல் இருக்கும். சுளகும் நீத்துப்பெட்டியும் சுவரில் ஆணியில் தொங்கும். எல்லாம் உண்மையே. ஆனால் சோளகக் காற்று திரும்பி வீசும் நாட்களிற் பொச்சுப் புகை முழுவதும் உள்ளேயே சுழலும். குந்தியிருந்து ஊதி ஊதி அம்மாவின் கண்கள் நாற்பது வயதிலேயே நீர் வடியத் தொடங்கின. அவருக்கு இப்போது முழங்கால் மடங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குசினியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் இருந்ததுபோல, வெளியே கூரை இறப்பிற் சொருகியிருந்த ஒரு சிரட்டைக்கும் இடம் இருந்தது. பிற்காலத்தில் அது தகரப் பேணியாயிற்று. தோட்ட வேலைக்கு வருபவர்கள் தாமே அதை எடுத்துக் கழுவிக் குடித்துவிட்டுத் தாமே சொருகிவிட்டுப் போவார்கள். கையெட்டும் உயரம் பற்றி எமது முன்னோர் கொண்டிருந்த நுட்பமான அறிவுக்கு அதுவும் ஒரு சான்று! 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்றது. தேநீர்க் கடைகளிற் சம பேணிக்காகவும், 1968இல் எம் ஊருக்கு அருகேயுள்ள மாவிட்டபுரம் கோவில் வாசலிலும் மக்கள் அடி வாங்கினார்கள். கடைகள் மெல்ல மெல்லத் திறந்தன. குசினிகளுக்குள் எந்த ஊர்வலமும் போகவில்லை.

மாக்கட்டு அவிழ்த்த வாரம் அதே மேசனாரை மறுபடி அழைத்தோம். "நீங்கள் அண்டைக்குக் கேட்டது சரிதான்" என்று சொல்ல எமக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது, சொன்னோம். அவர் சிரித்தார். "சுவரிலை ஆக்களை நிப்பாட்டுங்கோ மாஸ்டர்" என்றார். அம்மா, துணைவியார், பதின்மூன்று வயது மகள் மூவரும் வரிசையாக நின்று கையை வசதியாக நீட்ட, அவர் பென்சிலாற் கோடு இட்டார். தாழ்ந்த கோடு அம்மாவுடையது. அதையே எடுத்துக்கொண்டோம்.

கொங்கிறீட் மேடையை இனி உடைக்க இயலாது. ஆகவே அலுமாரியை மேடைக்கு மேலிருந்து அகற்றி, முன்னால் தடையில்லாத பக்கச் சுவருக்கு மாற்றினார். அடிப்பலகை 40 அங்குலத்தில், உச்சி 64இல். அடுப்பின் ஆவிக்கும் அது தப்பியது. புட்டு அவிக்கும் ஆவியிற் பலகை ஊதியும், கடற்காற்றிற் பிணைச்சல்கள் துருவேறியும் இருந்ததை அப்போதுதான் கண்டோம். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லில் வெறும் ஆணி பாரம் தாங்காது என்று, துளைகளுக்குள் சாந்து நிரப்பி இறுகவிட்டு மறுநாள் வந்து பூட்டினார். அரிசியும் பாரமான சட்டிகளும் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் வந்தன. ஓலைப்பெட்டிகள் மேலே போயின. இடியப்பத்துக்கு 30 அங்குல உயரத்தில் ஒரு சிறு மேசை. செலவு எம்முடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை. ஆனால் எல்லோரும் இதைச் செய்துகொள்ள முடியுமா? 2012 முதல் இந்திய உதவியுடன் வடக்கு கிழக்கிற் பயனாளிகளே கட்டிய வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. எமக்குத் தெரிந்த பல வீடுகளில் அப்பணம் கூரையோடு முடிந்துவிட்டது; குசினிச் சுவரில் ஒரு பலகையும் அதன் முன்னால் ஒரு பழஞ்சேலைத் திரையும் தொங்குகின்றன. அவற்றுட் கணவனை இழந்த பெண்கள் தனித்து நடத்தும் வீடுகளும் உண்டு. அங்கே பலகையை அடித்தவரும் சமைப்பவரும் ஒருவரே என்பதால் உயரம் மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் அம்மா தேநீர் ஊற்றினார். முன்பு வேலை நடந்த நாட்களில் மேசனாருக்கென்று ஒரு பேணி சாளரத்தின் வெளிப்படியில் இருந்ததைத் துணைவியார் எமக்குச் சொல்லியிருந்தார். நாமோ கேட்டும் கேளாததுபோல இருந்திருந்தோம். வீட்டுப் பேணிகள் உச்சித் தட்டில் இருக்கின்றன, அம்மாவுக்கு எட்டாது என்பது அப்போது எமக்கு வாய்த்த சமாதானம். இப்போது எல்லாப் பேணிகளும் அம்மாவின் கை மட்டத்தில் இருந்தன. துணைவியார், "மாமி, அண்ணைக்கு இதிலை குடுங்கோ" என்று அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அம்மா ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு ஊற்றிக் கொடுத்தார். மேசனார் எம்மோடு நாற்காலியில் இருந்து குடித்தார்.

மறுநாள் காலை அந்தப் பேணி சாளரத்தின் வெளிப்படியில் இருந்தது. துணைவியார் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கழுவி அலுமாரியில் மற்றவற்றோடு வைத்தார். இரண்டு நாள் கழித்து அது மறுபடி படியில் இருந்தது. இம்முறை எடுத்து வைத்தவள் எம் மகள், "அப்பம்மா, இது எங்கடை பேணியெல்லே, ஏன் வெளியிலை வைக்கிறியள்?" என்று உரக்கக் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. வரும் மாதம் மதில் வேலைக்கு அதே மேசனார் வருகிறார்.