மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

பெரியப்பாவின் மொறிஸ் மைனரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இயங்காது. சாவி மின்சாரத்தை மட்டும்தான் திறந்துவிடும். உடனே பொனற்றுக்குள்ளே எஸ்.யூ. பெற்றோல் பம்ப், பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும். கார்பரேற்றர்க் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். அதற்குப் பிறகு டாஷ்போட்டில் இருக்கும் குமிழை இழுத்தால்தான் ஸ்ராற்றர் சுழலும். உடுவிலில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். விடியப்புறம் அவர் ஹயருக்கு வெளிக்கிடும்போது அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் நின்றால் நல்லது. நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால் தாங்கியில் எண்ணெய் முடிந்துவிட்டது, அல்லது எங்கேயோ குழாய் காற்று இழுக்கிறது. பாயில் கிடந்தபடியே எனக்கு அது தெரியும்.

கார் மைனர் 1000. எஞ்சின் 948 சி.சி., 37 பரிவலு. இன்றைக்கு வீதியில் பறக்கும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் எஞ்சின் இதைவிடப் பெரிது. 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதல் மைனர் வெளிவந்தது. அதை வரைந்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். மாதிரிக் காரைச் செய்து பார்த்தபோது அகலம் போதவில்லை என்று பட்டதால், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலத்தைப் பொனற்றின் நடுவில் ஓடும் பட்டையில் இன்றும் காணலாம். பெரியப்பா எனக்கு அதை விரலால் தடவிக் காட்டுவார். நானும் தடவிப் பார்த்து, வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டுவேன்.

நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ இருந்தது. அந்த எழுத்து 1957இல் வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் பெரிய எதிர்ப்பு நடந்தது. அப்பப்பா அந்தக் காரில் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார். ஆனால் அதன் முன்பக்கத்தைக் கடைசிவரை அவர் முகங்கொடுத்துப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து ஹயர் கார்கள் எல்லாம் இந்த வயதுதான். ஒஸ்ரின் ஏ40 சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். குடாநாட்டில் மலையும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. சின்ன எஞ்சினுக்கு அதைவிட நல்ல ஊர் வேறு எங்கே கிடைக்கும்? ஆறு பேர், இரண்டு மூட்டை வெங்காயம், மேலே ஒரு சைக்கிள் என்று ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் அது காங்கேசன்துறை வீதியில் போகும். அவசரப்படுத்த முடியாது. முதலாம் கியருக்குக் காரை முழுதாக நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் தள்ளினால் கறகறவென்று பல் அரையும். புதிதாக ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரையும் பெரியப்பா அந்த ஒரு சத்தத்தை வைத்தே அளந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வேலை. வேம்பின் கீழ் சாக்கு விரித்து அவர் உள்ளே போவார். நான் வெளியே குந்தியிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பொயின்ற் இருக்கும், குண்டுமணி அளவுகூட இல்லாத இரண்டு உலோக முனைகள். கருகிப்போயிருந்தால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தை நடுவில் விட்டு மெல்ல இழுத்துச் சுத்தம் செய்வார். பிறகு இடைவெளி பார்க்க வேண்டும். 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் பதினைந்து பங்கு. அதற்கென்று ஒரு மெல்லிய தகட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். தகடு உரசியும் உரசாமலும் வெளியே வர வேண்டும். அந்த உரசல் எப்படி இருக்கும் என்று என் விரலைப் பிடித்து இழுக்கவைத்துக் காட்டினார்.

பிறேக்குக்கு ஒயில் விடுவதென்றால் ஓட்டுநர் காலடியில் கிடக்கும் கம்பளத்தைத் தூக்கி, தட்டைக் கழற்றி, நிலத்துக்குள் இருக்கும் மாஸ்ரர் சிலிண்டரைத் தேட வேண்டும். மழைத் தண்ணீரும் செருப்பு மண்ணும் சேருகிற இடத்தில் பிறேக்கின் உயிரைக் கொண்டுபோய் வைத்ததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நல்ல கார்தான். ஆனால் அந்த ஓரிடத்தில் யோசனை குறைவு.

அதைவிடப் பெரிய குறை முன் சில்லில் இருந்தது. சில்லைத் தாங்கும் கம்பி கீழே ஒரு திருகுப் பூட்டுக்குள் சுழலும். கராஜில் அதை றனியன் என்பார்கள். அந்தப் பக்கத்து முன்பாரம் முழுக்க அந்தப் புரியில்தான் தொங்குகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கம்பி பூட்டைவிட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும். எங்களுக்கு அது மருதனார்மடம் சந்தியில் நடந்தது. சந்தை கூடியிருந்த நேரம். பெரியப்பா மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். என் பக்கம் கீழே போனது. மட்கார்ட் சில்லின் மேல் குந்தியது. பின்சீற்றிலிருந்த பெரியம்மாவின் கத்தரிக்காய் எல்லாம் முன்னால் உருண்டு வந்தன. வேகத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியம்மா அழுதார். பெரியப்பா இறங்கிப்போய்த் தேய்ந்த புரியைத் துணியால் துடைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதியது வாங்க வழியில்லை. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய, கொஞ்சம் குறைவாகத் தேய்ந்த ஒன்றுதான் கிடைத்தது. அன்றிலிருந்து கிறீஸ் பம்ப் என் பொறுப்பு.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சவர்க்காரமும் மெழுகுதிரியும்கூடத் தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சம் வரும். ஜாம் போத்தலுக்குள் நூல் திரி எரிய வைத்துப் படித்த தலைமுறை நாங்கள். அந்த மண்ணெண்ணெயில்தான் கார்களும் ஓடின.

எப்படி ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறிவிட்டால் ஆவியாகி எரியும். இங்கிலாந்தில் பல ஃபெர்குசன் ட்ராக்டர்கள் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மலிவு எண்ணெய்க்கு மாறித்தான் வயல் உழுதன. பெரியப்பா பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகரப் பேணியைக் கட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, பித்தளைத் திறப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஒரு பக்கம் திருப்பினால் பேணிப் பெற்றோல். மறுபக்கம் திருப்பினால் தாங்கி மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் செய்து, கை வைத்துப் பார்க்க முடியாத அளவு எஞ்சின் சுட்ட பிறகு மாற்ற வேண்டும். ஓட்டம் முடிய முன்னும் ஞாபகமாகப் பெற்றோலுக்குத் திருப்பி, கார்பரேற்றர்க் கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெயை எரித்து முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மறந்தால் அடுத்த முறை அது இயங்காது. பெற்றோல் மருந்துபோலக் கிடைத்த காலம். சில நாட்களில் பேணியும் வெறுமை. அப்போது காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்பரேற்றர் வாயில் நாலு துளி விட்டுவிட்டு எங்களைத் தள்ளச் சொல்வார். ஒழுங்கைப் பெடியள் எல்லோரும் வருவோம்.

பற்றரி பழுதாகிக்கொண்டே போனது. இரவில் அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வானொலிக்குக் கொடுத்து, அயலட்டை எல்லாம் கூடி பிபிசி தமிழோசை கேட்போம். காலையில் மறுபடி காருக்குள். அது ஸ்ராற்றரைச் சுழற்றும் நிலையில் இல்லாததால் கைப்பிடி போட்டுச் சுற்றுவதுதான் வழி. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது சுற்றத் தந்தார். முதலில் பிடிக்கப் பழக்கினார்.

“பெருவிரலைச் சுத்திப் பிடியாதை. மற்ற விரலோடை ஒரே பக்கத்திலை வை. எஞ்சின் திருப்பி அடிச்சால் கைப்பிடி தானா வழுகிப் போகோணும். சுத்திப் பிடிச்சியெண்டால் கை முறியும்.”

“கீழை அமத்தட்டோ பெரியப்பா?”

“அமத்தாதை. கீழையிருந்து மேலை இழு. அரைச் சுத்துத்தான். இழுத்துப்போட்டு விடு.”

எங்கள் ஒழுங்கையில் வசதியான வீடொன்றில் ஒரு யப்பான் கார் படங்கு மூடிக் கிடந்தது. அமுக்கம் கூடிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது, உள்ளே தட்டும். மைனர் எஞ்சினில் அமுக்கம் குறைந்த வகையும் வந்தது, 7.2க்கு 1. பெரியப்பாவினது அந்த வகை. அதுவும் பாரம் ஏறினால் தட்டத்தான் செய்தது. டிஸ்றிபியூட்டரை இளக்கி ஒரு நூல் அளவு திருப்பி, பொறி கொஞ்சம் பிந்தி விழச் செய்தார். தட்டு நின்றது, வேகமும் போனது. மாட்டுவண்டியை முந்தவும் அவர் யோசிக்கும் நாட்கள் அவை. ஆனாலும் ஓடியது. இரவில் இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்காரரை ஏற்றிக்கொண்டு, விளக்குக்கு மண்ணிறத் தாள் ஒட்டி, வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு அது எத்தனையோ தரம் போயிருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது முப்பதைத் தாண்டிய சிலர் அந்தக் காரில் போன தாய்மாருக்குப் பிறந்தவர்கள்.

இதற்கெல்லாம் எஞ்சின் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கும் குச்சியை இழுத்தால், குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லை. மூக்கில் வைத்தால் விளக்கு வாசம். ஒயில் கூடுவதுதான் ஆபத்து என்பதைப் பெரியப்பா முகம் இருளச் சொன்னது எனக்கு மறக்காது. தண்ணீராய்ப் போன அந்த ஒயிலில்தான் பெயாறிங்குகள் சுழன்றன. மாற்ற ஒயில் கிடையாது. கழித்த ஒயிலைப் போத்தலில் தெளியவிட்டு, மேல்பாகத்தைத் துணியில் வடித்து மறுபடி விட்டார்.

1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலம் நோக்கிய வீதியில் சனம் அடி அடியாக நகர்ந்தது. காருக்குள் அப்பாச்சி, அவரின் மடியில் என் தங்கை, பின்சீற்றில் அரிசி, பாத்திரம், பெரியம்மாவின் தையல் மெசின். நடைவேகத்தில் ஊரும்போது றேடியேற்றருக்குக் காற்றுப் படாது, கொதிக்கும். செம்மணிக்குக் கிட்ட ஆவி சீறியது. மூடியைத் திறக்கவும் ஏலாது, காத்திருக்க இடமும் இல்லை. பெரியப்பா எஞ்சினை நிறுத்தினார். “தள்ளுவம்” என்றார். அவ்வளவுதான். அப்பா, அண்ணா, நான், வழியில் முன்பின் தெரியாத இரண்டு பேர். அந்தக் கார் முக்கால் தொன் அளவுதான் வரும். பெரிய காராக இருந்திருந்தால் அப்பாச்சியை நாங்கள் தூக்கித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். ஒருவர் யன்னலால் கைவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடிக்க, மற்றவர்கள் முதுகைக் கொடுத்துத் தள்ள, தங்கை கண்ணாடிக்கு வெளியே ஒரு சட்டியை நீட்டி மழைத் தண்ணீர் பிடித்தாள். சூடு தணிந்த பிறகு அதை றேடியேற்றருக்கு விட்டோம். கைதடி வரை தள்ளுவதும் ஓடுவதுமாகப் போனோம்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது பெற்றோலும் மெல்ல வந்தது. நல்ல எண்ணெய் கிடைத்ததும் எஞ்சினின் நிலை வெளிவந்தது. பிஸ்ரன் வளையம் எல்லாம் தேய்ந்து நீலப் புகை. சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டு, கிராங்கை அரைத்து எடுக்கப் பெரியம்மாவின் ஒரு சோடிக் காப்பு போனது. அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பெரியப்பாவிடம் நல்ல விலை சொன்னார். “விக்கிறதுக்கில்லை தம்பி. உங்களிட்டை றனியன் இருக்கோ?” என்று கேட்டார் இவர். அந்த மனிதர் சொல்லித்தான் தெரியும்: நாங்கள் செத்த கார்களிலிருந்து தேய்ந்ததைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த 1990களில், இதே தீவின் தெற்கில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றுக்காகப் புத்தம்புதிய உதிரிப்பாகங்கள் செய்து கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டபோது பெரியப்பாவுக்கு வந்த கோபம் நியாயமானது. எனக்கும் அது இன்னும் ஆறவில்லை.

கார் இப்போது பெரியப்பாவின் மகனிடம். கிறீஸ் அடிக்கும் நாளை அண்ணா கலண்டரில் குறித்து வைக்கிறார். பித்தளைத் திறப்பைக் கழற்றவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை மைல்கணக்கில் நின்றபோது, அதைத் திரும்பப் பாவிக்கலாமா என்று எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஓகஸ்ட்டில் அதன் விலையும் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. தேவையும் வரவில்லை. கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கொடுத்தார்கள். கலனுக்கு முப்பத்தைந்து மைல் ஓடும் எஞ்சினுக்கு அது தாராளம். பெரிய கார் வைத்திருந்தவர்கள் செவ்வாய்க்கிழமையே நிறுத்திவிட, அண்ணா ஞாயிறு வரை ஹயர் ஓடினார்.