விராலடிப்பான்

குளிர்காலம் தொடங்கியதும் வடதிசை நாடுகளிலிருந்து பழவேற்காடு ஏரிக்கு ஒரு வேட்டைப்பறவை வலசை வருகிறது. மீனையே உணவாகக் கொண்ட அதற்குத் தமிழில் விராலடிப்பான் என்று பெயர். செய்யும் தொழிலே அதற்குப் பெயராகிவிட்டது.

மீன் உண்ணும் பருந்தினங்கள் கடற்கரையில் வேறும் உண்டு. செம்பருந்து, கரையில் ஒதுங்கிய மீன்களையும் வலையிலிருந்து சிதறியவற்றையும் பொறுக்கி உண்ணும். வெண்வயிற்றுக் கடற்கழுகு, பெரும்பாலும் நீர்ப்பரப்பை ஒட்டிப் பறந்து, மேலே வரும் மீனைக் கால்களால் பற்றிச் செல்லும். விராலடிப்பானோ உடல் முழுவதும் நீரில் அமிழப் பாய்கிறது.

10 முதல் 40 மீட்டர் உயரத்தில் வட்டமிடும் அது, இரையைக் கண்டதும் சிறகடித்தபடி வானில் ஓரிடத்திலேயே நிற்கும். ஒளிவிலகலால், நீருக்குள் இருக்கும் மீன் உண்மையான ஆழத்தைவிடச் சற்று மேலே இருப்பதாகத் தோன்றும். அந்த மயக்கத்தைக் கடந்தே அது குறிவைக்க வேண்டும். சிறகுகளைப் பின்னுக்கு ஒடுக்கி விழும் பறவை, நீரைத் தொடும் நொடியில் கால்களை முன்னே நீட்டும், நாசித்துளைகள் மூடிக்கொள்ளும். வெளிவிரல் பின்னோக்கித் திரும்ப, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக விரல்கள் மீனை இறுக்கும். அடிப்பாதத்தில் உள்ள முள் போன்ற செதில்கள் மீன் வழுக்காமல் காக்கும். பிறகு நீரை உதறி மேலெழுந்து, காற்றின் தடை குறையும் வண்ணம் மீனின் தலையை முன்னோக்கித் திருப்பி ஏந்திச் செல்லும். வெறுங்காலுடன் எழுவதும் உண்டு; அப்போது மீண்டும் வட்டமிடத் தொடங்கும்.

இத்தனை திறனும் எட்டுவது ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே. அந்த மேல்நீர் கலங்கினால் கூரிய கண்ணுக்குப் பயனில்லை. அங்கே மீன் அற்றுப்போனால் வளைந்த நகத்துக்குப் பயனில்லை. அந்நீரில் நஞ்சு கலந்தபோது நேர்ந்ததையும் உலகம் கண்டிருக்கிறது. 1950களிலும் 1960களிலும் வட அமெரிக்காவில் பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கப்பட்ட டி.டி.டி., நீரின் வழியே மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்ட விராலடிப்பானை அடைந்தது. அதனால் அதன் முட்டை ஓடுகள் மெலிந்தன. அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. வேட்டையில் குறி தவறவில்லை. கூடுகளில் குஞ்சுகள் இல்லை. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா டி.டி.டி. பயன்பாட்டைத் தடைசெய்த பின்னரே பறவைகளின் எண்ணிக்கை மெல்ல மீண்டது.

கண்ணும் நகமும் சிறகும் விராலடிப்பானுக்கு இயற்கை அளித்தவை. அது பாயும் நீர் தூய்மையாக இருப்பது, கரையில் வாழும் மனிதரின் பொறுப்பில் இருக்கிறது.